பச்சை ஊரில் மணல் நிற உடை எதற்கு?

தீபாவளி நெருங்கினால் லிட்டில் இந்தியாவில் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வது இன்று பல வீடுகளில் பண்டிகையின் ஒரு பகுதியாகிவிட்டது. கெர்பாவ் சாலையின் வண்ண மாளிகைக்கு முன்னால், கேம்பல் லேன் கடை வரிசையில், சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளுக்குக் கீழே என்று இடங்களும் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டன. அந்தப் படங்களில் அண்மைக் காலமாக ஒரு நிறம் அடிக்கடி தென்படுகிறது. சந்தனமும் இல்லை, வெள்ளையும் இல்லை. உலர்ந்த மணலின் வெளிர் பழுப்பு. தாத்தாவின் ஜிப்பா, அம்மாவின் லினன் சேலை, கைக்குழந்தையின் கவுன் எல்லாமே அதே சாயல். வெளிப்புறப் படங்களுக்கு எதை உடுத்தலாம் என்று இணையத்தில் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி வறண்ட நிலங்களில் பிறந்தவை. அரிசோனாவின் பாறைவெளிக்கும் துபாயின் மணல்மேட்டுக்கும் பொருந்துகிற நிறத்தொகுதி அது. அந்த நிறம் அழகற்றது என்று சொல்ல மாட்டேன். அது பிறந்த வெளிச்சம் வேறு, நம் ஊரின் வெளிச்சம் வேறு. குடும்பப் படத்துக்கு உடை எடுக்கும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது நிற்கப்போகும் இடத்தின் நிறத்தையும் ஒளியையும்தான். அப்படிப் பார்த்தால், நம் பீரோவில் ஏற்கெனவே இருக்கும் அரக்கும் மயில்கழுத்தும் வாடாமல்லியும் சிங்கப்பூருக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன.

பாலைவனத்தில் மணல் நிற உடை ஏன் எடுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. அங்கே காற்று வறண்டிருக்கும். மாலைச் சூரியன் தாழ்ந்து, பக்கவாட்டில் பொன்னிறமாக விழும். வெளிறிய மணல் அந்த ஒளியைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், கண்ணுக்கடியிலும் தாடைக்கடியிலும் நிழல் தங்காது. சுற்றிலும் ஒரே நிறக் குடும்பம். உடையும் அதில் சேர்ந்துகொள்ள, முகம் தனித்துத் தெரிகிறது. இத்தனைக்கும், பாலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மக்கள் எல்லோரும் அப்படி உடுத்துவதில்லை. தார்ப் பாலைவனத்தை ஒட்டிய ராஜஸ்தான் ஊர்களில் ஆண்களின் தலைப்பாகையும் பெண்களின் ஒட்னியும் சிவப்பும் குங்குமப்பூ நிறமும் அடர்மஞ்சளுமாக இருக்கும். நிறமற்ற நிலத்தில் மனிதர் தம்மேல் நிறத்தை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆக, மணலுக்கு மணல் நிறம் என்பது பாலைக்கே கட்டாய விதி இல்லை.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை 7 மணிக்கு விடிந்து மாலை 7 மணிக்கு இருட்டுகிறது. நடுப்பகல் ஒரு மணியளவில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். அப்போது எடுக்கும் படத்தில் கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். இங்கே சூரியன் சாய்ந்து ஊர்ந்து ஏறுவதில்லை, ஏறக்குறைய நேராக எழுகிறது. அடிவானத்திலிருந்து 10 பாகை உயர அதற்கு 40 நிமிடமே போதும். படப்பிடிப்புக்காரர்கள் விரும்பும் பொன்னொளி இங்கே வந்தவுடன் போய்விடுகிறது. அதுவும் மேகம் மறைக்காத நாளில்தான். மற்ற நேரங்களில் ஈரப்பதமும் மேகமும் சேர்ந்து வெளிச்சத்தை வெளுத்த பால்போல ஆக்கிவிடுகின்றன. இந்த ஒளியில் வெளிர் பழுப்புக்குச் சூடு ஏறாது, சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். அதோடு பச்சை வேறு. சிங்கப்பூர் பூமலையின் புல்வெளியில், தூங்குமூஞ்சி மரங்களின் குடைக்கடியில் நின்றால், மேலிருந்து இலை வழியாக வடிந்த ஒளியும் கீழிருந்து புல்லில் பட்டுத் தெறித்த ஒளியும் நம்மேல் விழுகின்றன. வெளிர் துணி எந்த நிறத்தையும் எளிதில் வாங்கிக்கொள்ளும். மணல் நிறச் சட்டையின் மடிப்புகளில் பாசி படிந்ததுபோல ஒரு பச்சை ஓடும். சட்டைக் கழுத்திலிருந்து அது தாடைக்கும் ஏறும். அரக்கு, குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ போன்ற அடர்நிறங்களோ பச்சை ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டுத் தம் நிறத்திலேயே நிற்கும். பச்சைக்கு எதிர்நிலையில் உள்ள சிவப்புச் சாயல் பக்கத்திலேயே இருப்பதால் இலைகளும் கூடுதல் செழிப்பாகத் தெரியும்.

இன்னொரு காரணம் நம் தோல் நிறம் சார்ந்தது. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்றே நினைக்கிறேன். கேமராவும் கைபேசியும் எதிரே உள்ள காட்சியின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டுத்தான் எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவுசெய்கின்றன. எட்டுப் பேர் வெளிர் உடையில் சட்டம் நிறைய நின்றால், காட்சி மிகவும் பிரகாசமாக இருக்கிறதென்று கருவி கணக்கிட்டு ஒளியைக் குறைத்துவிடும். துணி சரியாக விழும். மாநிறமும் கறுப்புமான முகங்கள் மேலும் இருண்டுபோகும். நடுத்தர அடர்த்தியுள்ள நிறங்களை உடுத்தினால் முகத்துக்கும் துணிக்கும் இடையே அந்த இழுபறி குறைகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷர்லி அட்டை’ என்று பெயர் பெற்ற அதை வைத்தே நிறச்சமன் செய்தார்கள். கறுத்த தோலின் நுட்பமான சாயல்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. சாக்லேட், மர அறைகலன் ஆகியவற்றின் பழுப்பு நிறங்கள் விளம்பரப் படங்களில் சரியாக வரவில்லை என்று அந்த வணிகர்கள் குறைகூறியதும், பிலிம் மேம்பட்டதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கூகுள் தன் பிக்சல் 6 கைபேசியில் பலவகைத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்டுவதற்கான முயற்சியை அறிவித்தது 2021-ல்தான். கருவிகள் மெல்ல மெல்லத் திருந்துகின்றன. அதுவரை நம் முகத்துக்குச் சாதகமான துணியை நாம் தேர்ந்தெடுப்பதே நியாயம்.

லிட்டில் இந்தியாவின் சுவர்களே நிறக்கடலாக இருக்கும்போது அடர்நிற உடை அங்கே சண்டை போடாதா, அதற்கு மணல் நிறம்தானே பாதுகாப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கெர்பாவ் சாலையில் 1900-ல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் மாளிகையை எடுத்துக்கொள்வோம். மிட்டாய்த் தொழில் செய்த சீன வணிகரின் வீடு அது. இன்று அதன் ஒவ்வொரு பலகைக்கும் சன்னல் கதவுக்கும் ஒரு நிறம். அதற்கு முன்னால் பூப்போட்ட சேலையும் கட்டம்போட்ட சட்டையும் நின்றால் கண் எங்கே போவதென்று தெரியாமல் அலையும். ஆனால் அங்கே தொல்லை தருவது அடர்த்தி இல்லை, கோலம். உடல் முழுவதும் ஒரே நிறமாக ஓடி, கரை மட்டும் வேறாக இருக்கும் சேலை அந்தச் சுவரின்முன் அமைதியாகத் தனித்து நிற்கும். வெளிர் நிறம்தான் வேண்டுமென்றால் நம்மிடம் வேட்டியின் வெள்ளை இருக்கிறது. அது தயங்காத வெள்ளை. பல நிறங்களுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு தரும். மணல் நிறமோ அந்தச் சுவரின் எந்த நிறத்தோடும் சேராது, எதற்கும் எதிராகவும் நிற்காது. குடும்பத்தில் ஒருவரோ இருவரோ வெள்ளை உடுத்தினால் மேலே சொன்ன ஒளிக்கணக்கும் குலையாது. பொதுவாகவே, மாளிகையை விட்டு நாலடி நகர்ந்து கடைவீடுகளின் ஐந்தடிப் பாதைக்குள் நிற்பது இன்னும் நல்லது. மேலே கூரை, ஒரு பக்கம் மட்டும் திறந்த தெரு. அங்கிருந்து மென்மையாக வரும் ஒளி, மறுபுறம் மெல்லிய நிழலோடு முகத்தை உருட்டிக் காட்டும். எதிர்ச் சுவர் பளீரென்ற மஞ்சளோ நீலமோ அல்லாத இடமாகப் பார்த்து நின்றால் போதும். இரவில் அலங்கார விளக்குகளுக்குக் கீழே நிற்பதென்றால் கணக்கு மாறுகிறது. அங்கே ஒளியின் நிறமே மாறிக்கொண்டிருப்பதால், விளக்குப் பொட்டுகளை வாங்கித் திருப்பும் சரிகைக் கரை கைகொடுக்கும்; உடல் முழுக்கச் சம்கி வைத்த துணி கைவிடும்.

எல்லோரும் ஒரே நிறத்தில் நின்றால்தானே ஒரு குடும்பம் என்று தெரியும்? இந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஒரே கட்டிலிருந்து துணி வெட்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்துப் போட்ட தலைமுறை நம்முடையது. ஆனால் ஒரே நிறத்தில் எட்டுப் பேர் தோளோடு தோள் உரசி நின்றால், படத்தில் ஒருவர் எங்கே முடிந்து அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்பது கலங்கிவிடும். அம்மாவின் தோளில் சாய்ந்த குழந்தை அம்மாவின் சேலைக்குள்ளேயே மறைந்துபோகும். உறவைக் காட்ட வேறு வழி சேலையிலேயே இருக்கிறது. ஒரு காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தியில் இரண்டும் சேரும். பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு சரிகை மினுக்கு. வீட்டில் மூத்த பெண் உடுத்தப்போகும் சேலையை முதலில் கட்டிலில் விரித்துவைத்துவிட்டு மற்றவர்களின் உடையை அதிலிருந்து எடுக்கலாம். பாட்டியின் சேலை மயில்கழுத்து, கரை அரக்கு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் கரை. மகனுக்கு நீலம் தோய்ந்த பச்சையில் சட்டை, கீழே வெள்ளை வேட்டி. பேத்தியின் பாவாடை மாம்பழ மஞ்சள், சட்டை மயில்கழுத்து. தாத்தாவுக்கு வெள்ளைச் சட்டையும் அரக்குக் கரைத் துண்டும். யாரும் யாரையும்போல உடுத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு நிறமும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கிறது. வேற்று இன மருமகளோ மருமகனோ இருக்கும் வீட்டில் இந்த முறை இன்னும் உதவும். சேலை கட்ட விரும்பாதவர் அதே அரக்கில் ஒரு கவுனோ கெபாயாவோ உடுத்தி இயல்பாகச் சேர்ந்துகொள்ளலாம். நெருக்கமான கோடுகளும் பொடிக் கட்டங்களும் மட்டும் வேண்டாம். கேமராவின் உணரி அவற்றைத் தவறாகப் படித்து, துணியில் இல்லாத அலைகளைப் படத்தில் வரைந்துவிடும்.

அடர்நிறம் வெயிலை இழுக்கும், இந்த ஊரில் அதை எப்படி உடுத்துவது என்பது அடுத்த மறுப்பு. இதற்குப் பாலைவனத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. சினாய்ப் பகுதி பெதூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவதை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 1980-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பு அங்கி வெப்பத்தைக் கூடுதலாகவே உறிஞ்சியது. ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் உள்ளே ஓடிய காற்று அந்த வெப்பத்தைத் தோலுக்குப் போகவிடாமல் வெளியேற்றிவிட்டது. உடலுக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம் வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் ஒன்றேதான். நமக்குத் தொல்லை வெயிலைவிட வியர்வை. ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. அதனால் நிறத்தைவிடத் துணியும் தையலும்தான் கவனிக்க வேண்டியவை. வியர்வையை மிகவும் காட்டிக்கொடுப்பவை சாம்பலும் வெளிர் நீலமும் இதே மணல் நிறமும்தான். முதுகில் ஒரு திட்டு நனைந்தாலே இரண்டு நிறமாகிவிடும். கருநீலமும் அடர் அரக்கும் ஈரத்தை மறைக்கும். பட்டு ஜாக்கெட்டின் அக்குளில் படிந்த கறை எளிதில் போகாது. வெளியில் எடுக்கும் படத்துக்குப் பருத்தி ஜாக்கெட்டும் அதன்மேல் செட்டிநாட்டுப் பருத்தியோ சுங்குடியோ மெல்லிய பட்டுப்பருத்தியோ போதுமானவை. குழந்தைகளின் பாவாடைச் சட்டையில் சரிகை கழுத்தை அறுக்காதபடி உள்ளே மென்துணி வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். அரிக்கிற உடையில் நிற்கும் குழந்தையிடம் சிரிப்பை எதிர்பார்ப்பது கொடுமை. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை சாதாரணம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டால் பெரும்பாலும் மழையும் இருக்காது, கூட்டமும் குறைவு.

எல்லாவற்றையும் பிறகு கணினியில் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் முகத்தில் விழுந்த பச்சையை எடுக்க மொத்தப் படத்திலும் சிவப்பைக் கூட்டினால், மாநிறத் தோல் செங்கல் நிறமாகிறது. பாலைவனப் படங்களின் சாயலைத் தரும் ஆயத்த வடிகட்டிகள் மரங்களையும் காய்ந்த பழுப்பாக்கிவிடுகின்றன. பூமலையில் எடுத்த படம் எங்கோ வறண்ட காட்டில் எடுத்ததுபோல வருகிறது. அதைவிடக் கடையிலேயே பத்து நிமிடம் செலவிடுவது பயன்தரும். தேக்கா நிலையத்தின் மேல்தளத்துத் துணிக்கடைகளில் குழல்விளக்குக்கடியில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் வேறுவேறாகிவிடும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வெளிச்சம் விழும் ஓரத்துக்குத் துணியை எடுத்துப்போய், உடுத்தப்போகிறவரின் தாடைக்கடியில் பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முகம் துணியைவிட முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். புதிதாக வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் இதையே வீட்டுச் சன்னலோரத்தில் பழைய சேலைகளை வைத்துச் செய்யலாம்.