லினக்ஸ் கணினியில் இடம் இருக்கிறதா? எந்தப் பகுதியில்?

கொச்சி மட்டாஞ்சேரியில் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ் வீடுகளுக்கு லினக்ஸ் என்ற பெயர் புதிதல்ல. பிள்ளைகள் பள்ளியில் பழகுவது அதில்தான். 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கிய கேரள அரசின் திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற நிறுவனமாக மாறியது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து அந்த நிறுவனம் ஓர் இயங்குதளத்தை (கணினியை நடத்தும் அடிப்படை சாஃப்ட்வேர்) வெளியிடுகிறது. காசில்லாமல் கிடைப்பதால் பலர் வீட்டுக் கணினியிலும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். கடைக் கணக்குக்கு டேலி ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸையும் அதே கணினியில் விட்டுவைப்பவர்கள் உண்டு.

ஒருநாள் திரையில் ‘டிஸ்க்கில் இடம் குறைவு’ என்று அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் பழகிய கை உடனே சி டிரைவ், டி டிரைவைத் தேடும்.

அவை எங்கே போயின?

லினக்ஸில் டிரைவுகளுக்கு அப்படி எழுத்துப் பெயர் கிடையாது. பஜார் ரோட்டுக் கிடங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே வாசல், உள்ளே சுவர் வைத்துப் பிரித்த அறைகள். மிளகு அறை நிரம்பினால், பக்கத்து அறை காலியாக இருந்தாலும் மூட்டை வாசலிலேயே நிற்கும். ஹார்ட் டிஸ்க்கும் இப்படித்தான் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அந்த ஒரே வாசலை ‘/’ என்ற சாய்கோட்டால் குறிக்கிறார்கள். அதன் பெயர் ரூட். மற்றப் பகுதிகளும் நீங்கள் செருகும் பென் டிரைவும் அதற்குள் ஒரு ஃபோல்டராக வந்து சேரும். அப்படிச் சேர்ப்பதற்கு மவுன்ட் செய்தல் (திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல்) என்று பெயர்.

ஆகவே ‘எவ்வளவு காலி’ என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்தப் பகுதியில் காலி என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் பக்கம் 200 ஜிபி சும்மா கிடக்கும்போதே லினக்ஸ் பக்கம் மூச்சுத் திணறும்.

எங்கே பார்ப்பது?

ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர் சாளரத்தைத் திறங்கள். இடதுபக்கப் பட்டியலின் அடியில் ‘அதர் லொகேஷன்ஸ்’ இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒவ்வொரு பகுதியும், அதன் மொத்த அளவில் எவ்வளவு மிச்சம் என்பதும் வரிசையாக வரும். மிகப் புதிய உபுண்டுவில் அந்தப் பெயர் இல்லை. டிரைவுகள் இடதுபக்கப் பட்டியலிலேயே தெரியும். எந்த ஃபோல்டரின் மேலும் வலது சொடுக்கு போட்டு ‘ப்ராபர்ட்டீஸ்’ போனாலும், அது இருக்கும் பகுதியில் காலியிடம் எவ்வளவு என்று எழுதியிருக்கும்.

‘டிஸ்க்ஸ்’ என்று இன்னொரு கருவி உண்டு. மவுன்ட் செய்யாத பகுதிகளையும் சேர்த்து முழு ஹார்ட் டிஸ்க்கையும் அது படமாகக் காட்டும். பார்ப்பதற்கு அருமையானது. ஆனால் அங்கே பல்சக்கரப் பொத்தானுக்குள் ‘ஃபார்மட்’ என்ற கட்டளை இருக்கிறது. டேலி கணக்கு முழுவதையும் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடக்கூடிய கட்டளை அது. பார்க்கப் போனவர் பார்த்துவிட்டு வந்துவிடுவதே நல்லது.

500 ஜிபி என்று வாங்கியது 465 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக்கொண்டு போகிறார்கள். சில சாஃப்ட்வேர்கள் 1024 ஆகப் பெருக்குகின்றன. ஒரே டிஸ்க்தான், இரண்டு கணக்கு. இதோடு, லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 முறையில் பகுதியின் நூற்றுக்கு 5 பங்கு நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். நிரம்பியதையும் மிச்சத்தையும் கூட்டினால் மொத்தம் வராமல் போவதற்கு அதுதான் காரணம்.

‘லூப்’ என்ற பெயரில் ஏழெட்டு டிரைவுகள், எல்லாம் நூற்றுக்கு நூறு நிரம்பியவை என்று காட்டினால்?

விட்டுவிடுங்கள். அவை ஸ்நாப் (தனிப்பொட்டலமாக வரும் சாஃப்ட்வேர்) கோப்புகள். எழுத முடியாதபடி கச்சிதமாகக் கட்டப்பட்டவை என்பதால் எப்போதுமே நிரம்பித்தான் இருக்கும்.

ரூட் பகுதி உண்மையிலேயே நிரம்பினால் என்ன ஆகும்?

முதலில் சின்னச் சின்னத் தொல்லைகள் வரும். லிப்ரே ஆபிஸில் எழுதியது சேமிக்காது. புதிய சாஃப்ட்வேர் ஏறாது. முற்றிலும் நிரம்பிவிட்டால் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒருமுறை இருண்டு, திரும்பக் கடவுச்சொல்லையே கேட்கும். கணினி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். உள்ளே நுழையும்போது எழுத வேண்டிய சில சிறிய கோப்புகளுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ (sudo apt clean) என்று தட்டுங்கள். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்புதான். சாஃப்ட்வேர் ஏற்றியபோது இறக்கி வைத்த பொட்டலங்களை இந்தக் கட்டளை நீக்கும். உங்கள் படங்களையும் கணக்கையும் தொடாது. பிறகு மறுபடி இயக்கினால் பெரும்பாலும் உள்ளே நுழைய முடியும்.

இந்த நிலைக்கு வராமலிருக்க ரூட் பகுதியில் 10 முதல் 15 ஜிபி வரை காலியாக வைத்திருங்கள் என்பேன்.

இடத்தைத் தின்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘டிஸ்க் யூசேஜ் அனலைசர்’ என்ற கருவியைத் திறந்து உங்கள் ஹோம் ஃபோல்டரை (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்குமிடம்) தேர்ந்தெடுங்கள். சிறிது நேரம் எண்ணிவிட்டு, பெரிய ஃபோல்டர்களை மேலே நிறுத்தி, வண்ண வளையங்களாகவும் வரைந்து காட்டும். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் குற்றவாளி ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டர். இல்லையென்றால் ஃபோனிலிருந்து ஏற்றிய வீடியோக்கள். பினாலே கலைக் கண்காட்சி சமயத்தில் எடுத்ததெல்லாம் இரண்டு மூன்று இடத்தில் பிரதியாகக் கிடக்கும். ஹோமுக்கு வெளியே இருப்பது பெரிதாகத் தெரிந்தால் கையால் அழிக்கப் போகாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் இயங்குதளத்தின் உடைமை.

அழித்தேன், இடம் கூடவில்லையே?

அழித்தது ‘ட்ராஷ்’ தொட்டியில்தான் இருக்கிறது. அதைக் காலி செய்தால்தான் இடம் திரும்ப வரும். பென் டிரைவில் இது இன்னும் குழப்பம். அதிலிருந்து அழித்தவை அந்த பென் டிரைவிலேயே மறைவான ஒரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டுடியோவில் கொடுத்தால், ‘படமே இல்லை, ஆனால் இடமும் இல்லை’ என்பார்கள். பென் டிரைவைச் செருகி வைத்திருக்கும்போதே ட்ராஷைக் காலி செய்யுங்கள், பிறகு கழற்றுங்கள்.

விண்டோஸ் பகுதியில் இடம் இருக்கிறதே, அதில் சேமிக்கலாமா?

சேமிக்கலாம். ஃபைல்ஸில் அந்தப் பகுதியைச் சொடுக்கினாலே மவுன்ட் ஆகிவிடும். சில நேரம் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருப்பதே காரணம். விண்டோஸுக்குள் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற அமைப்பை நிறுத்திவிட்டு, முழுதாக அணைத்துவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள். டேலியின் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் லினக்ஸ் பக்கத்திலிருந்து நகர்த்தாதீர்கள். பெயரோ இடமோ மாறினால் மறுநாள் கடை திறந்ததும் டேலி அதைக் கண்டுபிடிக்காது.