மதுரை மக்களவைத் தொகுதியின் வாக்கு ஊசல்

ஊசல் தொகுதி என்பது எந்தக் கட்சிக்கும் நிலையாகச் சொந்தமாகாமல், தேர்தலுக்குத் தேர்தல் வெவ்வேறு அணிகளின் பக்கம் சாயும் தொகுதி ஆகும். தமிழ்நாட்டின் மதுரை மக்களவைத் தொகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இங்கு ஊசலாடியவர்கள் வாக்காளர்களா, கட்சிகளா என்பது ஆராயத்தக்கது.

அணி மாறியும் வென்றவர்கள்

இத்தொகுதியில் மூவர் கூட்டணி மாறிய பின்னும் வெற்றி பெற்றுள்ளனர். காங்கிரசின் ஆர். வி. சுவாமிநாதன் 1971 இல் திமுக அணியிலும், 1977 இல் அதிமுக அணியிலும் நின்று வென்றார். ஏ. ஜி. எஸ். ராம்பாபு 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் அதிமுகவுடன் கூட்டு வைத்த காங்கிரசின் வேட்பாளர்; 1996 இல் திமுகவுடன் கூட்டு வைத்த தமிழ் மாநில காங்கிரசின் வேட்பாளர். மூன்று முறையும் வென்றார். 1998 இல் அதிமுக அணியின் சுப்பிரமணியன் சுவாமி (ஜனதா கட்சி) வென்றார். மார்க்சிய கம்யூனிஸ்ட் கட்சியின் பொ. மோகன் 1999 இல் அதிமுக அணியிலும், 2004 இல் திமுக அணியிலும் வென்றார். 2009 இல் மீண்டும் அதிமுக அணிக்கு வந்தபோது திமுகவின் மு. க. அழகிரியிடம் தோற்றார்.

ஆகவே வென்ற கட்சிகளின் பட்டியலை மட்டும் பார்த்து மதுரையை இடதுசாரிக் கோட்டை என்றோ காங்கிரசுக் கோட்டை என்றோ கூறுவது பொருந்தாது. 2014 இல் இடதுசாரிகள் தனித்து நின்றபோது அதிமுகவே வென்றது.

கணக்கும் விதிவிலக்கும்

அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் முறையில், எதிரணி பிரிவதே பெரும் ஆதாயம். 2019 இல் சு. வெங்கடேசன் (மார்க்சிய கம்யூனிஸ்ட்) ஏறத்தாழ 4.47 லட்சம் வாக்குகள் பெற்று, 1.39 லட்சம் வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2024 இல் அவரது வாக்கு 4.30 லட்சமாகக் குறைந்தது, வேறுபாடோ 2.09 லட்சமாக உயர்ந்தது. முன்பு ஒரே அணியில் இருந்த பாஜகவும் அதிமுகவும் இம்முறை தனித்தனியே நின்று, முறையே 2.21 லட்சமும் 2.05 லட்சமும் பெற்றன. இரண்டையும் கூட்டினால் 4.26 லட்சம். ஒன்றாக நின்றிருந்தால் இவ்வாக்குகள் முழுவதும் ஒருவருக்கே சேர்ந்திருக்கும் என்று கொள்ள இயலாது.

எனினும் எல்லாவற்றையும் கூட்டணிக் கணக்கால் விளக்கிவிட முடியாது. 1980 சனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக-காங்கிரசு அணி தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐக் கைப்பற்றியது. மதுரையில் காங்கிரசின் ஏ. ஜி. சுப்புராமன் வென்றார். பிப்ரவரியில் எம். ஜி. ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே திமுக-காங்கிரசு அணி தோற்று, அதிமுக 129 இடங்களுடன் ஆட்சியமைத்தது. எம். ஜி. ஆர். வென்ற தொகுதி மதுரை மேற்கு. வைகைக் கரையிலுள்ள கோச்சடை இன்று இடம்பெறும் தொகுதியும் அதுவே. தில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு வேறொருவர் என்று வாக்காளர்கள் பிரித்துப் பார்த்ததை இது காட்டுகிறது.

அமெரிக்காவுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவின் ஊசல் மாநிலங்களில் போட்டியிடும் இரு பெரும் கட்சிகள் மாறுவதில்லை. மக்களின் ஆதரவே மாறுகிறது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகியவை 2016 இல் டிரம்ப்பையும், 2020 இல் பைடனையும், 2024 இல் மீண்டும் டிரம்ப்பையும் தேர்ந்தெடுத்தன. 1964 முதல் 2016 வரை வென்றவர் பக்கமே நின்ற ஒகையோ, 2020 இல் தோற்ற டிரம்ப்பை ஆதரித்தது. மதுரையில் ஒரு கட்சியின் வாக்கு கூடியதா குறைந்ததா என்று அறிய, அது எந்த அணியில் நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டியுள்ளது.