ஐஸ் கம்பெனியின் பின்கதவு

சேமியா ஐஸில் சேமியா ஏன் எப்போதும் நுனியிலேயே இருக்கிறது? எனக்குத் தெரியும்! போன மே மாதம்தான் தெரிந்தது. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் உங்களைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஏனென்றால் நான் ஐஸ் கம்பெனிக்குள்ளேயே போய்விட்டேன்! சைக்கிள்கள் நிற்கும் வாசல் வரைக்கும் எல்லாரும்தான் போயிருக்கிறோம். நான் சொல்வது உள்ளே! தரை வழுக்கும், கம்ப்ரசர் தடதடக்கும், மூக்கில் அம்மோனியா சுள்ளென்று ஏறும், அந்த உள்ளே!

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் துள்ளல் புரியும். எங்கள் பக்கம் கோடை என்றால் தீப்பெட்டி ஒட்டுவது. பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். (இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.) மைதாப் பசை மதியத்துக்குள் புளித்துவிடும். அந்தப் புளிப்பு வாசனை, மொட்டை மாடியில் காயும் கூழ்வற்றலின் சீரக வாசனை, கூடைக்காரம்மா கீறி மிளகாய்ப்பொடி தடவித் தரும் வெள்ளரிக்காய் வாசனை, மூன்றும் கலந்ததுதான் என் மே மாதம். நடுவில் தெருமுனையில் 'டப்... டப்... டப்' என்று ஐஸ்காரர் பெட்டி மூடியை அடிக்கும் சத்தம் வந்தால் போதும், பசைக் கையோடு ஓட்டம்! ஒட்டுக்கூலியில் நாலணா கொடுத்தால் சேமியா ஐஸ், எட்டணா என்றால் பால் ஐஸ். அந்த நாலணா 2011 ஜூன் 30-லிருந்து செல்லாக் காசாகிவிட்டது. சேமியா ஐஸ் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது!

"செருப்பை வெளிய விட்டுட்டு வா தாயி, பாத்து, வழுக்கும்" என்றார் கம்பெனிக்கார அண்ணாச்சி. அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கும் கம்பெனி. மீன் வண்டிக்கும் ஜூஸ் கடைக்கும் பாளம் பாளமாக ஐஸ் போடுவதுதான் அவருக்குச் சோறு. குச்சி ஐஸ் கோடைக்கு மட்டும். அறை முழுக்க ஒரு பெரிய தொட்டி, மேலே மரப்பலகைகள். ஒரு பலகையைத் தூக்கினார். உள்ளே மலை மலையாகப் பனிக்கட்டி இருக்கும் என்று எட்டிப் பார்த்தால்... தண்ணீர்! கறுப்பாக, அலம்பிக்கொண்டு, சாதாரணத் தண்ணீர்!

சாதாரணம் எங்கே? விரலை விடப் போனேன், மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இருக்கிற தண்ணீர் அது. உறையாமல் நிற்பதற்குக் காரணம் தூத்துக்குடி உப்பு. மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கரைத்திருக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீருக்குள் ஓடும் குழாய்களில் திரவ அம்மோனியா கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆமாம், கொதிக்கிறது! மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும் சரக்கு அது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிய சூட்டைக் கம்ப்ரசர் வழியாகக் கொண்டுபோய்ப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டுகிறது. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சந்து ஏன் அப்படி வெந்து கிடக்கும் என்று இப்போது தெரிகிறதா? கொதிக்க வைத்துக் குளிர்ச்சி! இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்தான். ஒரு நாள் வரிசையாக இங்கே கூட்டிவந்து காட்டியிருந்தால் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்போம்.

இப்போது சேமியாவுக்கு வருவோம். வரிசை வரிசையாகக் குழிகள் வைத்த எவர்சில்வர் அச்சு. வேகவைத்த சேமியாவை ஒருவர் குழி குழியாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே போகிறார். அவருக்குப் பின்னாலேயே இன்னொருவர் ஜக்கால் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறார். சேமியா அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. குச்சியை மேலிருந்து செருகி, அச்சை உப்புத் தொட்டியில் இறக்குகிறார்கள். உறைந்ததும் எடுத்து, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு, குச்சியைப் பிடித்து ஒரு இழுப்பு, 'ப்ளக்'! கையில் குச்சியை நேராகப் பிடிக்கும்போது அச்சின் அடிப்பக்கம் உச்சிக்கு வந்துவிடுகிறது. சேமியா நுனிக்கு வந்த கதை அவ்வளவுதான்! இதற்காகவா இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம்!

அடுத்த ரகசியம் இதைவிட ருசி. ஆரஞ்சு ஐஸை நாலு உறிஞ்சு உறிஞ்சினால் நிறமெல்லாம் வாய்க்குள் போய், குச்சியில் வெறும் வெள்ளை ஐஸ் நிற்குமே, அது எப்படி? தண்ணீர் உறையும்போது தன்னோடு சர்க்கரையையும் சாயத்தையும் சேர்த்துக்கொள்ளாது, ஒதுக்கித் தள்ளிவிடும். ஒதுக்கப்பட்ட இனிப்புத் தண்ணீர் பனிப் படிகங்களுக்கு நடுவே இண்டு இடுக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கும், லேசில் உறையாது. நாம் உறிஞ்சும்போது அதுதான் முதலில் ஓடி வருகிறது. அந்த முதல் நாலு உறிஞ்சலுக்குத்தான் காசு என்று அன்றைக்கே நமக்குத் தெரியும். காரணம்தான் இப்போது தெரிகிறது!

"அப்பல்லாம் சாக்கரின்தானே போடுவீங்க அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டேன். கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. மற்ற கேள்விகள் எல்லாம் கேட்டன. சர்க்கரையைவிட 300 மடங்குக்கு மேல் இனிக்கும் அந்தப் பொடி 1879-ல் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அடிநாக்கில் ஒரு கசப்பை விட்டுவிட்டுப் போகும். இப்போது அண்ணாச்சி சர்க்கரை போடுகிறார், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறார், எல்லாம் சுத்தம். சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கசப்பைக் காணோம், எனக்கு அதுவும் வேண்டும்! அம்மா படித்தால் திட்டுவாள்.

ஐஸே நமக்குப் புதுச் சரக்குதான். சென்னை கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கினார்கள். இயந்திர ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. திருவல்லிக்கேணிப் பக்கம் பஸ்காரர்கள் வாயில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குச்சி ஐஸுக்கு 1924-ல் காப்புரிமை வாங்கியவரும் அமெரிக்கர்தான், ஃபிராங்க் எப்பர்சன். 11 வயதில் குச்சி போட்டுக் கலக்கிய கோப்பையை ராத்திரி வெளியே மறந்து வைத்துவிட்டாராம். அன்றைய குளிரில் அது உறைந்து நின்றதாம், அதிர்ஷ்டக்காரன்! நம் ஊரில் மறந்து வைத்தால் எறும்புதான் வரும்.

பக்கத்துக் கட்டடம் கலர் கம்பெனி. கலர் என்றால் சோடாக் கலர், விருந்தாளி வந்தால் ஓடிப்போய் வாங்கி வருவோமே அதேதான். கோலி சோடா பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர். இரும்புக் கூண்டில் பாட்டிலை மாட்டி, சக்கரத்தைச் சுற்றித் தலைகீழாக்கிக் கேஸ் அடைக்கிறார்கள். கோலி கழுத்துக்கு உருண்டு வந்து ரப்பர் வளையத்தில் உட்காருகிறது. உள்ளிருக்கும் கேஸ் நெட்டித் தள்ளுவதால் அங்கேயே இறுகிவிடுகிறது. தனி மூடியே கிடையாது! கழுத்தில் இரண்டு பள்ளம் இருக்கிறதே, அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்துக் குடித்தால் கோலி அதில் சிக்கி வழிவிடும். மறுபக்கமாகச் சாய்த்தால் அடைத்துக்கொள்ளும். பன்னீர் எசன்ஸ் டப்பாவைத் திறந்தார்கள், அறையே கல்யாண வீடாகிவிட்டது!

எங்கள் பக்கத்துத் தின்பண்டங்களில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயம்தான், அந்தப் பாகும் கடலையும் அதற்குத் தகுதியானவை. எங்கள் சேமியா ஐஸுக்கு ஒரு குறியீடும் வேண்டாம். அதற்கு அப்படிப்பட்ட ஊர்ப்பெருமை எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இதே அச்சு, இதே உப்புத் தொட்டி.

அதனால் இந்தக் கத்திரி வெயிலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் பின்கதவைத் தட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், தொட்டியில் மட்டும் விரலை விட விடாதீர்கள். 11 மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குமேல் பெட்டிகள் எல்லாம் தெருவுக்குக் கிளம்பிவிடும். சேமியா ஐஸ் இப்போது 10 ரூபாய்.