பெல்ட் சூட்டைப் பார்க்காமல் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள்

நீண்ட வார இறுதி முடிந்தால் போதும், இப்படி ஒரு செய்தி வந்துவிடும்: "செடோனாவில் யூடிவி எடுத்தோம். பாதி வழியில் பெல்ட் அறுந்துபோச்சு. கார்டிலிருந்து பணத்தை எடுத்துட்டாங்க. என்ன செய்யலாம்?" கேட்பவர் வாடகை ஒப்பந்தத்தைப் படித்திருக்க மாட்டார். அறுந்த பெல்ட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார்.

அரிசோனா, யூட்டா பாறைப் பாதைகளிலும் கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளிலும் ஓடும் யூடிவி என்கிற இந்த சைடு-பை-சைடு வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார் போன்ற கியர்பாக்ஸ் வேலை செய்வதில்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட்தான் என்ஜினின் இழுவிசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. புல்லி சுற்றும் வேகத்துக்கு வண்டி நகராதபோது பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். ஆழ்ந்த மணலில் 'எச்' (ஹை) ரேஞ்சில் மிதிப்பது, ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது, பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏறும்போதும் 'எல்' (லோ) ரேஞ்சுக்கு மாறாமல் இருப்பது: அறுந்த பெல்ட்டுகளுக்குப் பின்னால் நான் கேட்கும் கதைகள் இவைதான். மணிக்கு 7 மைலுக்குக் கீழே போவதானால் லோ ரேஞ்ச் போடச் சொல்கின்றன போலாரிஸ் கையேடுகள். சாவியைக் கொடுக்கும் வாடகைக்கடை ஆள் இதைச் சொல்வாரா? ஹெல்மெட் அளவு கேட்பதோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது.

டாஷ்போர்டில் வழக்கமாகத் தெரியும் வெப்பநிலை என்ஜின் கூலன்டினுடையது. அது பெல்ட்டுடையது அல்ல. கூலன்ட் சாதாரணமாக இருக்கும்போதே உள்ளே பெல்ட் கருகிக்கொண்டிருக்கலாம். சில புதிய மாடல்களில் பெல்ட் சூட்டைக் காட்டும் வசதி கம்பெனியிலிருந்தே வருகிறது. மற்ற வண்டிகளில், கிளட்ச் கவரில் துளையிட்டு அகச்சிவப்பு சென்சார் கேஜ் பொருத்திக்கொள்ளலாம். கவருக்குள் இருக்கும் காற்றின் சூட்டை மட்டும் அளக்கும் மலிவான கேஜ்களும் உண்டு. அவை காட்டும் எண் பெல்ட்டின் சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும்.

அகச்சிவப்புக் கேஜில் 150 முதல் 180 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். 200-ஐத் தாண்டினால் காலை எடுங்கள், லோவுக்கு மாறுங்கள். 220-ஐ நெருங்கினால் நிறுத்துங்கள். 250-ஐத் தொட்ட பெல்ட்டை அப்புறம் நம்ப முடியாது. இவை பொதுக்கணக்கு, உங்கள் பெல்ட் தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். நிறுத்தியவுடன் என்ஜினை அணைத்துவிடாதீர்கள். நியூட்ரலில் போட்டு ஓடவிட்டால் புல்லியின் விசிறி இதழ்கள் கவருக்குள் காற்றை இழுத்துக் குளிர்விக்கும். காய்ந்த புல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சர் தீப்பற்றவைக்கும். கேஜே இல்லையா? ரப்பர் கருகும் வாடைதான் எச்சரிக்கை. "கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டியவர்களே பில் கட்டுகிறார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். வாடகை ஒப்பந்தங்களில் 'பெல்ட் சேதம் வாடிக்கையாளர் பொறுப்பு' என்ற வரி சகஜம். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள், ஒரு எஸ்எம்எஸ் பதில் போதும். ஹவர் மீட்டரைப் படமெடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், டெபிட் கார்டு வேண்டாம். அறுந்த பெல்ட்டைக் கழற்றியதும் படமெடுங்கள், கேட்டு வாங்கி வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் எரிந்து தேய்ந்திருந்தால் அது நின்ற இடத்தில் வழுக்கியதன் அடையாளம். பக்கங்கள் முழுதும் பளபளவென்று இறுகி வெடிப்பு விட்டிருந்தால் உங்களுக்கு முன்பே கிழடு தட்டிய பெல்ட் அது.

ஒப்பந்தத்தில் இல்லாத தொகையை எடுத்திருந்தால், ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கார்டு வங்கிக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். போனில் கத்துவது கணக்கில் சேராது. ஸ்டேட்மென்டில் 'பில்லிங் விசாரணை' என்று அச்சிட்ட முகவரிக்கு, படங்களின் நகலோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். வங்கி 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் 90 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. மறுபடியும் சொல்கிறேன்: 60 நாள், எழுத்தில்.

சொந்த வண்டிக்காரர்களுக்கு வேறு பயம். கேஜ் பொருத்தினால் வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டுவார். 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளியில் வாங்கிய பாகம் பொருத்தியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் கோளாறுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பல மிரட்டல்கள் அங்கேயே நின்றுவிடும்.

தீ, புகை, கவரைப் பிளந்துகொண்டு பெல்ட் துண்டு பறந்தது போன்றவை நடந்தால் புகார் எங்கே? பலர் கார்களைக் கவனிக்கும் என்எச்டிஎஸ்ஏவிடம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தவறான வாசல். இந்த வண்டிகள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சியின் கீழ் வருகின்றன. சேஃபர்புராடக்ட்ஸ்.கவ் தளத்தில் படிவம் இருக்கிறது, அல்லது 800-638-2772-க்குக் கூப்பிடுங்கள். மாடல் ஆண்டு, வின் எண் (வண்டியின் அடையாள எண்), தேதி, என்ன நடந்தது, படங்கள் எல்லாம் வேண்டும். உங்கள் பெயரைத் தயாரிப்பாளருக்குத் தரலாமா என்ற கேள்வியைப் பார்த்து டிக் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

புகார் வீணில்லை. 160-க்கும் மேற்பட்ட தீ விபத்துத் தகவல்களுக்குப் பிறகு, 2016 ஏப்ரலில் சுமார் 1,33,000 போலாரிஸ் ஆர்இசட்ஆர் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கவிழ்ந்து தீப்பிடித்ததில் 15 வயதுப் பயணி ஒருவர் இறந்திருந்தார். ஆபத்தை உடனே தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் 2018-இல் நிறுவனம் 2 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தத் தீக்கள் எல்லாம் பெல்ட்டால் வந்தவை அல்ல, ஆனால் அதே ஆணையம், அதே படிவம்.

பழைய வண்டி வாங்கியவர்கள் கவனிக்க: ரீகால் கடிதம் கம்பெனியின் பதிவில் உள்ள உரிமையாளருக்குத்தான் போகும். தயாரிப்பாளர் தளத்தில் வின் எண்ணைப் போட்டு நிலுவை ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் பெயரையும் முகவரியையும் அங்கேயே மாற்றிப் பதியுங்கள். ரீகால் வேலைக்கு டீலர் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.