தமிழ்ப் பக்க முகவரிகளும் குறி வரம்புகளும்: தேடுபொறி, விளம்பரம், மேற்கோள் ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையப் பக்கத்தின் முகவரியில் தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்தும்போது, கண்ணுக்குச் சில எழுத்துகளாகத் தோன்றுபவை கணினியில் பன்மடங்கு நீள்கின்றன. இந்நீட்சியால் முகவரிகள் சொல்லின் நடுவே துண்டிக்கப்படுவதையும், இணைய விளம்பரங்களின் வரம்புக்குள் தமிழ்ச் சொற்கள் அடங்காமற் போவதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ரோமன் எழுத்துக்கு மாறாமலே இவ்விரு சிக்கல்களுக்கும் தீர்வு காணலாம் என்பதை எடுத்துக்காட்டுகளின்வழி நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பக்க முகவரி, ஒருங்குறி, விழுக்காட்டுக் குறிமுறை, தேடுபொறி, இணைய விளம்பரம்.

முன்னுரை

தமிழாய்வு இன்று பெரிதும் இணைய இதழ்களின்வழியே பரவுகிறது. ஒரு கட்டுரையைத் தேடிக் கண்டடைவதற்கும் மேற்கோள் காட்டுவதற்கும் அதன் பக்க முகவரியே அடிப்படை. நூல் வெளியீடு, கருத்தரங்கு, இணையவழிப் படிப்பு ஆகியவற்றை அறிவிப்போர் அதே முகவரியை விளம்பரத்திலும் இடுகின்றனர். தேடுபொறிக்கு ஏற்பப் பொருள் விளங்கும் சொற்களை முகவரியில் அமைத்தல் வேண்டும். விளம்பரத்திற்கோ சுருக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் இம்முரண் சிறிது. தமிழில் அது பெரிதாவதற்கு எழுத்தைக் கணினி எண்ணும் முறையே காரணமாகும்.

எழுத்தும் குறியும்

ஒருங்குறி தனித்தனியே எண்ணிட்டுள்ள அலகை இக்கட்டுரை ‘குறி’ என வழங்குகிறது. தமிழ் இலக்கண மரபில் ‘க்’ என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியில் இவ்வரிசை தலைகீழாகிறது. அங்கு ‘க’ ஒரு குறி. புள்ளி சேர்ந்த ‘க்’ இரு குறிகள். ‘கி’, ‘கு’, ‘கொ’ போன்றவையும் இரு குறிகளே. எனவே ஒற்றுகளும் உயிர்மெய்களும் மிகுந்த தமிழ்ச்சொல், எழுத்தெண்ணிக்கையைக் காட்டிலும் மிகுதியான குறிகளைக் கொள்கிறது. ‘தமிழ்’ என்பது 3 எழுத்து, 5 குறி.

முகவரியில் இந்நீட்சி மேலும் கூடுகிறது. இணைய முகவரியின் அமைப்பை வரையறுக்கும் 2005-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3986 ஆவணம், ஆஸ்கி எழுத்துகளுள் வரையறுத்த சிலவற்றையே முகவரியில் நேரடியாக ஏற்கிறது. பிற எழுத்துகளை விழுக்காட்டுக் குறிமுறையில் மாற்ற வேண்டும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் அளவுடையது. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினாறெண் இலக்கங்களுமாக 3 இடங்களைக் கொள்கிறது. ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடங்கள். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு 45 இடங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகவே தெரிவதால் பயனர் இதனை உணர்வதில்லை. படியெடுத்து ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஒட்டும்போதே நீண்ட குறித்தொடர் வெளிப்படுகிறது.

துண்டிக்கப்படும் தலைப்பு

இதழ்கள் பலவற்றுக்கு அடித்தளமான வேர்ட்பிரஸ் மென்பொருள், கட்டுரைத் தலைப்பிலிருந்து பக்கப்பெயரைத் தானே உருவாக்குகிறது. குறிமாற்றம் பெற்ற நிலையில் அதற்கான உச்ச வரம்பு 200 இடங்கள். ‘சங்க இலக்கியத்தில் நெய்தல் நில மக்களின் வாழ்வியல்’ என்னும் தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதில் 44 குறிகள் உள்ளன. 5 இணைப்புக்கோடுகளையும் சேர்த்தால் 401 இடங்கள் தேவை. மென்பொருள் 200-ஆம் இடத்தில் நிறுத்தும்போது எஞ்சுவது ‘சங்க-இலக்கியத்தில்-நெய்த’ என்பதாகும். கடற்கரைத் திணையைக் குறித்த சொல், ஆடை நெய்தலைக் குறிக்கும் பெயரெச்சமாகத் திரிந்துவிடுகிறது. துண்டிப்பு நீளத்தைக் குறைப்பதோடு பொருளையும் சிதைக்கிறது என்பதற்கு இது சான்று.

இதே கட்டுரைக்கு ‘நெய்தல்-மக்கள்-வாழ்வியல்’ எனப் பக்கப்பெயரிட்டால் 22 குறிகளும் 2 இணைப்புக்கோடுகளுமாகச் சரியாக 200 இடங்களில் அடங்கும். ‘நெய்தல்-வாழ்வியல்’ எனில் 145 இடங்களே போதும்.

தேடுபொறியின் நிலை

சொற்களைக் குறைத்தால் தேடலில் பின்தங்க நேருமோ என்னும் ஐயம் எழலாம். முகவரியில் பயனரின் மொழிச் சொற்களையே பயன்படுத்துமாறு கூகுளின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. எனினும், முகவரியில் இடம்பெறும் திறவுச்சொற்கள் தனித்து நின்று தரவரிசையில் ஏறத்தாழ எவ்வித விளைவையும் ஏற்படுத்துவதில்லை என்றும் அந்நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே முகவரியில் தமிழ்ச்சொல் இருப்பதன் பயன் முதன்மையாக வாசகருக்கே உரியது. அப்பயனுக்கு இரண்டு மூன்று சொற்கள் போதும்.

ரோமன் எழுத்தில் எழுதினால் நீளம் குறையும் என்பது உண்மையே. ஆனால் ழகரம், ளகரம், நெடில் ஆகியவற்றை எழுதுவதில் ஒருமித்த வழக்கு இல்லாமையால் ஒரே சொல் பல வடிவங்களில் பரவும்.

விளம்பரத்தின் வரம்பு

கூகுளின் தேடல் விளம்பரங்களில் முன்பு காட்சி முகவரி முழுவதற்கும் 35 குறிகள் என்னும் வரம்பு இருந்தது. 2016-இல் இம்முறை மாறியது. இப்போது தளப்பெயர் இறுதி முகவரியிலிருந்து தானே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதனையடுத்து 15 குறிகள் கொண்ட இரு பாதைப் புலங்களை விளம்பரதாரர் நிரப்பலாம். இப்பாதை, பக்கத்தின் உண்மையான முகவரியோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே விளம்பரத்திற்காக மூல முகவரியைச் சிதைக்க வேண்டிய தேவை இன்றில்லை.

எனினும் 15 குறிக்குள் அடங்குவதற்குச் சொல்லாக்கக் கவனம் தேவை. ‘ஆய்வுக்கட்டுரைகள்’ 10 எழுத்துகளே கொண்டது; குறிகளோ 17. பன்மை விகுதியை நீக்கி ‘ஆய்வுக்கட்டுரை’ என்றால் 14 குறிகளில் அடங்கும். 30 குறிகள் என்னும் தலைப்பு வரம்புக்கும் இது பொருந்தும். ‘தமிழ் ஆய்வுக்கட்டுரைகள் தொகுப்பு’ என்பது, இடைவெளி உட்பட எழுத்துக் கணக்கில் 19. குறிக் கணக்கில் 32.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. பக்கப்பெயரை மென்பொருளின் தானியக்கத்திற்கு விடாமல், பதிப்பாசிரியரே 22 குறிகளுக்கு மிகாமல், இரண்டு மூன்று சொற்களில் அமைத்தல் வேண்டும்.

2. வேற்றுமை உருபு, சாரியை, பன்மை விகுதி ஆகியவற்றை நீக்கிக் கட்டுரைப் பொருளைச் சுட்டும் பெயர்ச்சொற்களை மட்டும் கொள்ளுதல் தகும்.

3. விளம்பரப் பாதையைத் தனியே எழுதுதல் வேண்டும். அதற்காக மூல முகவரியை மாற்றலாகாது.

4. வெளியான முகவரி மேற்கோளாகிவிடுகிறது. அதனைத் திருத்த நேர்ந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிலையான திசைமாற்றம் அமைத்தல் பதிப்பாளரின் கடமையாகும்.

எழுத்தெண்ணிப் பாடிய மரபினர்க்குக் குறியெண்ணி முகவரி அமைப்பது அரிய செயலன்று. அவ்வாறு செய்யாவிடில், நெய்தல் திணை பற்றிய ஆய்வு நெசவு பற்றிய முகவரியில் மேற்கோளாகும் நிலை தொடரும்.