காலிப் பாக்கெட் கொண்டு வா!

1983-ஆம் ஆண்டு. கடலூர் வாலிபர் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியேறினார். கையில் 15 ஆயிரம் ரூபாய்.

சகோதரர்கள் ஷாம்பு வியாபாரிகள். அவர்களோடு போட்டி கூடாது என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால், அவருக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதானே! தந்தை சின்னிகிருஷ்ணன் பெயரைச் சுருக்கினார். 'சிக்' ஷாம்பு பிறந்தது.

புட்டியிலா, பாக்கெட்டிலா? தந்தை காட்டிய வழி, பாக்கெட். அதையும் பலர் விற்றார்கள். ரங்கநாதன் ஒரு யுக்தி செய்தார்.

எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலிப் பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு 'சிக்' இலவசம்!

மற்றவர் சரக்கை வாங்கியவர்களும் இவர் சரக்கைத் தேய்த்துப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் எண்ணி எண்ணிச் சலித்திருப்பார்கள்!

ஜனங்கள் பழகியதும் விதியை மாற்றினார். இனி 'சிக்' காலிப் பாக்கெட் மட்டுமே செல்லும்! மாதம் 35 ஆயிரம் ரூபாய்க்கு நடந்த வியாபாரம் 12 லட்சத்துக்கு ஏறியது.