தோல் வழிச்சாலை – 7: காப்புரிமையும் கைப்பக்குவமும்

சென்ற வாரம் ஆவாரம் பட்டைத் தொட்டிகளோடு நிறுத்தியிருந்தோம். அந்தத் தொட்டியில் தோல் பதனாக வாரக்கணக்கில் ஊறும். குரோம் உப்பில் அதே வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆம்பூர் தோல் ஷாப்புகளில் குரோமில் பதனிட்டு மர டிரம்மிலிருந்து எடுத்த நீலத் தோலில் ஒரு துண்டு வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போடுவார்கள். சுருங்காவிட்டால் தோல் தேறியது. பட்டையில் பதனிட்ட துண்டைப் போட்டால் சுருண்டுவிடும்.

இந்த நீலத் தோலுக்கு வழி திறந்தவர் நியூயார்க்கின் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ். அவருடைய இரட்டைக் குளியல் முறைக்கு 1884-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே குளியலாகச் சுருக்கினார். காப்புரிமை பெறுபவர் செய்முறையை ஊரறிய எழுதி வைத்தாக வேண்டும். அந்த உரிமை பதிவான நாட்டோடு நின்றுவிடும். எழுதிய செய்முறை எந்த நாட்டுக்கும் போகும். அப்படியிருந்தும் சென்னையில் அது வேரூன்ற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. நம் தோலுக்கு எவ்வளவு அமிலம், நம் வெயிலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. யாராவது நாலு தோலைக் கெடுத்துத்தான் கற்க வேண்டும். கெட்ட தோலுக்குக் காசு யார் கொடுப்பது?

1903 வாக்கில் சென்னை அரசு கொடுத்தது. பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அரசுச் செலவில் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். அவர் குறிவைத்த பொருள்களில் ஒன்று, நம் உழவர்கள் கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால். இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி எது? ஆனால் 1910-ல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி பிரபு, அரசு தொழில் நடத்தக் கூடாது என்று தடுத்துவிட்டார். அது பெருங்கேடு என்பதே என் முடிவு. பிறகு தனியார் குரோம் தோல் ஆலை ஒன்று வந்தது. குரோம்பேட்டை என்ற பெயர் அதனால் வந்தது.

விட்ட வேலையைத் தொடர 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டியிருந்தது. பிறகு, நீலத் தோலோடு வரும் கேட்டையும் நாம் வாங்கத் தொடங்கினோம். வழக்கமான முறையில் குரோமில் 30 முதல் 40 சதவீதம் தோலில் ஏறாமல் கழிவுநீரில் போகும். பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது.

இப்போது அடையாறு நிலையமே தண்ணீரில்லாத குரோம் முறையை உருவாக்கியிருக்கிறது. குரோம் ஏற்றும் கட்டத்தில் முன்னால் அமிலத்தில் ஊறவைப்பதும் இல்லை, பின்னால் காரம் சேர்ப்பதும் இல்லை. எத்தியோப்பியத் தோல் நிறுவனத்துக்கும் 2011 முதல் இந்த நிலையம் கைகொடுத்தது. கற்றவர்கள் கற்றுக்கொடுக்கிறோம், பெருமைதான். ஆனால் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் உள்ள சின்ன ஷாப்புக்காரர் புது முறையில் முதல் லாட்டைக் கெடுத்தால் அந்த நஷ்டத்தைத் தாங்கமாட்டார். 1903-ல் செய்ததுபோல, அந்த நஷ்டத்தை அரசு ஏற்க வேண்டும்.